நான்காவது பெயர்

அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்குக் குதிரைகள் தெரிந்தன. கனவில் என்று மட்டும் சொல்ல முடியாது. காலையில் பஸ் பாலத்தின் மேல் ஏறும்போது இர்திஷ் ஆற்றிலிருந்து ஆவி எழுந்து ஜன்னலை மூடும். செமெய் நகரத்தில் எவ்வளவு குளிர் வந்தாலும் ஆறு நடுவில் உறையாமல் புகைந்துகொண்டே இருக்கும். அந்த வெள்ளைக்குள் குதிரைகள் வரிசையாகப் போகும். தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு, சத்தமே இல்லாமல். மேலே உட்கார்ந்திருப்பவர்கள் தோள் வரைக்கும் தெரிவார்கள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஆவி இருக்கும்.

அவர்களில் ஒருவர் என் கொள்ளுத்தாத்தாவின் அப்பா. எவர் என்று எனக்குத் தெரியாது.

தெரிந்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் சயாத்தைக் கல்யாணம் செய்துகொள்ள முடியாது.

நவம்பரில் சயாத்தின் அப்பா ஒரஸ்பெக் எங்கள் வீட்டுக்கு வந்தார். ரயில்வேயில் முப்பத்தெட்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி ரௌஷானும் கூட வந்தார். குதிரைக்கறி சாப்பிட்டார்கள், டீ குடித்தார்கள், என் அப்பாவுடைய முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார்கள். பிறகு ஒரஸ்பெக் என் பக்கம் திரும்பினார்.

"பொண்ணு தங்கமான பொண்ணு. வாயைத் திறக்க மாட்டேங்குது, அது ஒண்ணுதான் குறை."

"என்னை மாதிரி ஒண்ணு போதாதா உங்களுக்கு? அடுத்தது அமைதியா இருக்கட்டும்," என்றார் ரௌஷான்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்ததும் ஒரஸ்பெக் கேட்டார். "சரிம்மா. ஏழு பேரைச் சொல்லு பாப்போம்."

எங்கள் ஆட்களில் ஏழு தலைமுறைக்குள் ஒரே அப்பன் வந்துவிட்டால் இருவரும் அண்ணன் தங்கை. இடையில் நானூறு மைல் இருக்கட்டும், முகமே பார்த்திராமல் இருக்கட்டும், பங்காளி பங்காளிதான். அதனால் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டுக்கு முன்னால் ஏழு தகப்பன் பெயர்களைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். சயாத் அவனுடையதை ரயில் போகிற வேகத்தில் சொல்வான். ஒரஸ்பெக், துர்சுன், ஜாகியா, பெக்செயித், தொலெகென், அக்தாய், நுர்மான். பெக்செயித்துக்கும் தொலெகெனுக்கும் நடுவில் மட்டும் மூச்சு வாங்குவான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தானாம்.

நான் சொன்னேன். "அப்பா செரிக். தாத்தா கம்ஸா. கொள்ளுத்தாத்தா எசிம்."

"ம்."

"அவரோட அப்பா மெர்கென். நூறு வருஷத்துக்கு முந்தின உள்நாட்டுப் போருக்குப் போனவர்."

"எந்தப் பக்கம்?"

"அலாஷ் குதிரைப்படைன்னு நினைக்கிறோம். உறுதியாத் தெரியாது."

"தோத்த பக்கம். அதான் வீட்டுல எல்லாரும் வாயை மூடிக்கிட்டாங்க. சரி, மெர்கெனோட அப்பா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா விரிப்பைப் பார்த்தார்.

"தெரியாது மாமா."

"அடடா. நாலாவது ஸ்டேஷன்லயே வண்டி நின்னுபோச்சே." அவர் குரலில் கோபம் இல்லை. "குத்தமா சொல்லல. அந்தக் காலம் அப்படி. ஆனா ஏழும் தெரியாம நான் நாளைக்குப் பேரனை மடியில வெச்சுக்க முடியாது, பாருங்க. நவுரூஸுக்குள்ள கண்டுபிடிச்சுக் குடும்மா. எங்க பக்கத்துலயிருந்து வேற எந்தத் தடையும் இல்ல."

நவுரூஸ் என்றால் எங்கள் புத்தாண்டு, மார்ச் இருபத்திரண்டு. நான்கு மாதம் இருந்தது.

கையில் இருந்ததெல்லாம் கதிஷா விட்டுப்போன நாலைந்து வாக்கியங்கள்தான். கதிஷா எசிமின் மனைவி. எசிம் ஜெர்மன் போரில் 1943இல் செத்துவிட்டார். அதனால் அவருக்கு முன்னால் நடந்ததைச் சொல்ல இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான் மிச்சம். அவளும் அதிகம் சொல்லவில்லை. கரசு என்ற ஊர்ப்பக்கத்துக் குடும்பம். மெர்கென் குதிரையோடு படைக்குப் போனார். வரவில்லை. அவர் மனைவி கைப்பிள்ளையாக இருந்த எசிமைத் தூக்கிக்கொண்டு யாருக்கும் தெரியாத சுரங்க ஊருக்குப் போய்விட்டாள். அங்கே குலம் என்ன என்று கேட்டால் மறந்துவிட்டது என்பாளாம். அவ்வளவுதான்.

நான் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமைகளில் ஆவணக் காப்பகத்துக்குப் போக ஆரம்பித்தேன்.

காப்பகத்தில் சபீரா அக்கா இருந்தாள். பழைய அரபி எழுத்தைப் படிக்கத் தெரிந்தவள் அங்கே அவள் மட்டும்தான். மேஜைக்கு அடியில் மின்சார அடுப்பை வைத்துக்கொண்டு, கம்பளிக் காலுறையோடு காலை அதன் பக்கத்தில் நீட்டியிருப்பாள்.

"பேரு?"

"மெர்கென்."

"அப்பன் பேரு?"

"தெரியாது. அதைத்தான் தேடறேன்."

"குடும்பப் பேரு அப்ப கிடையாது. அப்பன் பேரும் தெரியாது. போட்டோ?"

"இல்லக்கா."

"மீசை இருந்துதா?"

"இருந்திருக்கும்."

"அப்ப சுலபம். உள்ள நாலாயிரம் மீசை இருக்கு, உக்காந்து பாரு."

உட்கார்ந்தேன். அவள் குதிரைப்படைப் பட்டியல்களை வாசிப்பாள், நான் கேட்பேன். பெயர், அப்பன் பெயர், ஊர், வயது, குதிரையின் நிறம். பிற்பகல் மூன்று மணிக்கே வெளிச்சம் மஞ்சளாகிவிடும். அடுப்பின் சூட்டில் கண் சொக்கும். அவள் குரல் மட்டும் வந்துகொண்டிருக்கும். சாம்பல் குதிரை. கறுப்புக் குதிரை. நெற்றியில் வெள்ளை. மனிதர்களைவிடக் குதிரைகளே தெளிவாக நினைவில் நின்றன. நான் பாதித் தூக்கத்தில் ஒவ்வொன்றையும் ஆற்று ஆவிக்குள் கொண்டுபோய் நிறுத்துவேன். யாராவது ஏறுவார்களா என்று பார்ப்பேன்.

டிசம்பருக்குள் மூன்று மெர்கென் கிடைத்தார்கள். ஒருவன் தந்திக்காரப் பையன், வயது பதினாறு. இன்னொருவர் எங்கோ வடக்கு. மூன்றாமவர் போர் தொடங்குவதற்கு முன்பே செத்துவிட்டார்.

"செத்தவனைப் பட்டியல்ல ஏன் வெச்சிருக்காங்க?" என்றேன்.

"எண்ணிக்கை குறையக் கூடாதில்ல? அரசாங்கம்னா அப்படித்தான். நீயும் அரசாங்கச் சம்பளம்தானே வாங்கற?"

ஜனவரியிலும் அவர் இல்லை. எங்கள் கூடத்தில் தண்ணீரில் ஒரு பொருள் தென்படாவிட்டால் 'இல்லை' என்று எழுத மாட்டோம். 'எட்டவில்லை' என்றுதான் எழுதுவோம். கருவிக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். அது இருக்கலாம். மெர்கெனைப் பற்றி எனக்குள் அப்படித்தான் எழுதிவைத்தேன்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. பிற்பகல். அம்மா ரொட்டி பொரிப்பதற்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அப்பா காலை நீட்டி உட்கார்ந்து வால்நட் உடைத்தார். அம்மாவின் தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன்.

"தொப்பிக்காரர் வர்றாராம், தெரியுமா? ஆமா, குடும்பத்தோட. வியாழக்கிழமை." போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள். "அந்தக் கனமான வாணலியை எடுடி."

கனமான வாணலி என்றால் இரும்பு வாணலி. தொப்பிக்காரர் என்றால் என் பெரியப்பா. அவர் தொப்பி போட்டு நான் பார்த்ததே இல்லை. அவர் பெயர் தெமிர், அதாவது இரும்பு. வாக்கப்பட்டு வந்தவள் புருஷன் வீட்டு ஆண்களின் பெயரைச் சொல்லக் கூடாது. அந்தப் பெயர் ஒரு பொருளைக் குறித்தால் அந்தப் பொருளையும் சொல்லக் கூடாது. அதனால் என் அம்மா முப்பது வருஷமாக இரும்பை 'கனமானது' என்கிறாள். எனக்கு அது பழகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் தனிமங்களின் அட்டவணையில்கூட இருபத்தாறாவது கட்டத்தைப் பார்த்தால் கனமானது என்றுதான் மனதில் ஓடும்.

வாணலியை எடுத்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா, பெரியப்பா பேரை ஒரே ஒரு தடவை சொல்லேன்."

"சீ. வாயைக் கழுவுடி."

"என் பேரையே அவ சொன்னதில்ல," என்றார் அப்பா. "ஒரு தடவை ஆஸ்பத்திரியில, புருஷன் பேர் என்னன்னு நர்ஸ் கேட்டா. உங்கம்மா என் டிரைவர் லைசென்ஸை எடுத்துக் காட்டறா."

"மரியாதை தெரிஞ்ச வீட்டுல பொறந்தேன். அதுக்கு இப்ப என்ன?"

நான் கேட்டேன். "அப்பா, மெர்கென்ங்கற பேரு உங்களுக்கு யார் சொன்னது?"

"கதிஷாதான். வேற யாரு இருந்தா?"

"கதிஷா அவருக்கு என்ன வேணும்?"

"மருமக."

சொல்லிவிட்டு அப்பா அடுத்த வால்நட்டை எடுத்தார். அது பாதி வழியில் நின்றது. அம்மா மாவிலிருந்து கையை எடுத்தாள். மெர்கென் என்றால் குறி தவறாதவன். மாமனாருக்கு மருமகள் வைக்கிற பெயர். மூன்று மாதமாக நாலாயிரம் பேர்களில் நான் தேடியது, அவர் பெயர் எதுவாக இல்லையோ அந்த ஒன்றை.

"நாசமாப் போச்சு," என்றார் அப்பா மெதுவாக. "இது நமக்குத் தோணாமப் போச்சே."

"உங்களுக்கு எங்க தோணும்," என்றாள் அம்மா. ஆனால் அவளுக்கும் தோன்றியிருக்கவில்லை.

"அவ எதைச் சொல்லாம விட்டா, அப்பா? யோசிங்க. எந்தப் பொருளை வேற பேர்ல சொல்வா?"

அப்பாவுக்குப் பதினெட்டு வயதாகும்போதுதான் கதிஷா இறந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். "கத்தியைக் கத்தின்னுதான் சொல்வா. ஆடு, மாடு, கல்லு... எல்லாத்தையும் எல்லாரையும்போலத்தான் சொல்வா. திட்டறதுல எந்த வார்த்தையையும் விட்டுவெக்கல, அது ஞாபகம் இருக்கு."

அப்போதுதான் வெளியே காற்று திரும்பியது. காலையிலிருந்து வரும் வரும் என்றிருந்தது வந்துவிட்டது. எதிர் வீடு மறைந்தது. கம்பம் மறைந்தது. கண்ணாடியில் பனி மண்ணைப்போல வந்து அறைந்தது.

"பெரியவர் வந்துட்டார்," என்றாள் அம்மா. "அந்த ஜன்னலைச் சாத்துங்க."

புயல் வந்தால் எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். வேறு வீடுகளில் என்ன சொல்கிறார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. அப்பா எழுந்தார். ஜன்னல் வரை போனார். கொக்கியில் கையை வைத்தபடி நின்றுவிட்டார்.

"அவ எழுந்து நிப்பா," என்றார்.

"யாரு?"

"கதிஷா. புயல் வந்தா எழுந்து நிப்பா. சாப்பிட்டுக்கிட்டு இருந்தாலும் சரி. தலைத்துணியை இழுத்து விட்டுக்குவா. ஜன்னலைப் பாத்து லேசாக் குனிவா. மாமனார் உள்ள வந்தா மருமக குனிவாளே, அந்த மாதிரி. அப்புறம்தான் சொல்வா, பெரியவர் வந்துட்டார், கதவைச் சாத்துன்னு. நான் சின்னப் பையன். வெளியில நெஜமாவே யாரோ நிக்கறாங்கன்னு நினைச்சுக்குவேன். ஒரு தடவை டீ கொண்டுபோய்க் கொடுக்கட்டுமான்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"அழுதா."

பனிப்புயலுக்கு எங்கள் பேச்சில் போரன் என்று பெயர். புயல் நாளில் பிறந்த ஆண்பிள்ளைக்குப் போரன்பாய் என்று பெயர் வைப்பார்கள். அதை நாங்கள் யாரும் அப்போது வாய்விட்டுச் சொல்லவில்லை. மூன்று பேரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றோம். வெளியே ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் வெள்ளை. நான் குனியவில்லை. ஆனால் குனிய வேண்டும்போல இருந்தது.

அடுத்த சனிக்கிழமை சபீரா அக்காவிடம் போனேன்.

"அக்கா, மெர்கென் வேண்டாம். போரன்பாய் பாருங்க."

"மீசை அதேதானே?"

ஒன்றரை மணி நேரத்தில் கிடைத்தார். ஒரு பக்கத்தின் நடுவில், மசி பரவிப்போன வரிக்கு அடுத்த வரி. அவள் விரலை வைத்து மெதுவாக வாசித்தாள்.

"போரன்பாய். வயசு முப்பது. ஊர் கரசு. குதிரை ஒண்ணு, செம்பட்டை, சொந்தம். வீட்டில் மனைவி, மகன் எசிம், வயசு ஒண்ணரை."

எசிம். ஒன்றரை வயது. கிடைத்துவிட்டார். ஆவிக்குள் நின்ற செம்பட்டைக் குதிரையின் மேல் ஒரு ஆள் ஏறி உட்கார்ந்தார்.

"இரு, முடியல. தகப்பன் பேர் தொலெகென். பிணை நின்றது, அண்ணன் பெக்செயித்." கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "கடைசிக் கட்டத்துல, காய்ச்சல், திரும்பவில்லை. பாவம். ஏய், கிடைச்சுடுச்சுடி! கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வருமா வராதா?"

பெக்செயித். மூச்சு. தொலெகென்.

சயாத்தின் குரலில்தான் அது எனக்குக் கேட்டது. அவனுக்கு நான்காவது பெக்செயித், ஐந்தாவது தொலெகென். எனக்கு நான்காவது போரன்பாய், ஐந்தாவது தொலெகென். விரலில் எண்ணினேன். மறுபடி எண்ணினேன். ஏழைத் தாண்டவில்லை. ஐந்தில் நின்றது.

"வரும் அக்கா," என்றேன்.

அவள் அந்த வரியைப் புது எழுத்தில் நகலெடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அதை மடித்துப் பரிசோதனைக் கூடத்து வெள்ளைக் கோட்டின் பைக்குள் வைத்தேன். பதினோரு நாள் அது அங்கேயே இருந்தது. தினமும் அப்பா கேட்டார். "கிடைச்சுதா?" நான் "இல்ல," என்றேன். எட்டவில்லை என்று சொல்லவில்லை. இல்லை என்று சொன்னேன். இருக்கிற ஒன்றை இல்லை என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். அந்தத் தூரத்தில் இரண்டு பேருக்குப் பொதுவாக இருக்கிற ரத்தம் ஐந்நூறில் ஒரு பங்கு. தண்ணீராக இருந்தால் குடிக்கலாம் என்று எழுதிவிடுவேன்.

பன்னிரண்டாம் நாள் பாலத்துக்குப் பக்கத்துக் கறிச் சம்சா கடைக்குச் சயாத்தை வரச் சொன்னேன். ரயில்வே சிக்னல் வேலையை முடித்துவிட்டு ஆரஞ்சுச் சட்டையோடு வந்தான்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"அப்புறம் ஏன் மூஞ்சி ஊறப்போட்ட மாதிரி இருக்கு?"

காகிதத்தை அவன் பக்கம் நகர்த்தினேன். அவன் உதடு அசைய வாசித்தான். பெக்செயித் வந்த இடத்தில் மூச்சு நின்றது. அப்புறம் சிரித்தான்.

"பிரமாதம். மூணு வருஷமா தங்கச்சி பின்னாடி சுத்தியிருக்கேன்."

நான் சிரிக்கவில்லை. அவனும் நிறுத்தினான்.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"பதினொரு நாளா."

"பதினொரு நாள் சொல்லாம இருக்க முடிஞ்சுதுல்ல? அப்படியே இருந்துடேன்." காகிதத்தைத் திருப்பி வைத்தான். "மெர்கென்னே எழுதிக் குடு. அவருக்கு மேல மூணு பேரு நான் போட்டுத் தர்றேன். நல்ல கம்பீரமான பேரா. அப்பா சந்தோஷப்படுவாரு."

"பொய்யா?"

"காலியா இருக்கற இடத்துல ஒரு பேர் வெச்சா அது பொய்யா? நீ சயின்ஸ் படிச்சவ. ரத்தத்துல என்ன இருக்கு, சொல்லு."

"ஐந்நூறுல ஒண்ணு."

"பாத்தியா! கணக்குப் போட்டு வெச்சிருக்கல்ல. உனக்கும் ஆசைதானே?"

ஆசைதான். தலையை ஆட்டினேன். அவன் என் கையைப் பிடித்தான். அவன் கையில் கிரீஸ் வாசனை.

"நான் உங்க வீட்டுக்கு மருமகளா வந்தா, பெக்செயித்தோட தம்பி பேரை நான் சொல்லவே கூடாது," என்றேன்.

"யாரு சொல்லச் சொன்னா? சொல்லாத."

"கதிஷா அப்படித்தான் சொல்லாமலே செத்தா. இப்ப எழுதாம விட்டா, அப்புறம் தெரிஞ்ச ஒரே ஆள் நான்தான். நானும் சொல்லக் கூடாது."

"அவர் செத்து நூறு வருஷம் ஆச்சு. நான் உயிரோட இருக்கேன், ஜன்சாயா."

சம்சா ஆறிப்போய்க் கொழுப்பு வெள்ளையாகத் திட்டுத்திட்டாக நின்றது. அவன் அதை ஒரு காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனான்.

மறுநாள் காலை பஸ் பாலத்தில் ஏறியது. ஆவி ஜன்னலை மூடியது. குதிரைகள் போயின. செம்பட்டைக் குதிரை பஸ்ஸுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்தது. அதன் மேல் இருந்தவருக்கு இப்போது முகம் இருந்தது. தாடை என் அப்பாவுடையது. காது சயாத்துடையது, மேல்நுனி கொஞ்சம் மடங்கி. அவர் என்னைப் பார்க்கவில்லை. யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறவரைப்போல நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கரை வந்ததும் ஆவி விலகியது. கூடத்துக்குப் போகிற நிறுத்தம் தாண்டிவிட்டது. நான் இறங்கவில்லை.

அன்று மாலை அப்பாவிடம் காகிதத்தைக் கொடுத்தேன். அவர் போரன்பாய், தொலெகென் என்ற இரண்டு பெயர்களையும் விரலால் தடவினார். பிறகுதான் பெக்செயித்தைப் பார்த்தார். சயாத்தின் ஏழு பெயர்களும் அவருக்கும் தெரியும். ரொம்ப நேரம் கழித்து, "நீயே போய்ச் சொல்லு. கண்டுபிடிச்சவ நீ," என்றார்.

நவுரூஸுக்கு ஒரு வாரம் முன்னால், வெள்ளிக்கிழமை மதியம், ஒரஸ்பெக் வீட்டுக்குப் போனேன். கல்யாணத்துக்கு முன்னால் பெண் தனியாக மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. வாசலில் சயாத் காரின் அடியில் படுத்திருந்தான். அவன் பூட்ஸ் மட்டும் தெரிந்தது. என் காலடிச் சத்தம் அவனுக்குத் தெரியும். ஆனாலும் வெளியே வரவில்லை.

உள்ளே ரௌஷான், இறந்தவர்கள் பேரில் வெள்ளிக்கிழமை பொரிக்கிற ரொட்டியை அடுக்கியிருந்தார். ஒரஸ்பெக் காகிதத்தை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். வாசித்தார். இடது கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். கட்டைவிரலில் நின்றார்.

"அஞ்சு," என்றார்.

"ஆமா மாமா."

"என் தாத்தா ஜாகியா சாகற காலத்துல யாரையோ கேட்டுக்கிட்டே இருந்தாராம். சித்தப்பா குதிரையைக் கட்டிட்டாரான்னு. அவருக்குச் சித்தப்பாவே கிடையாதேன்னு எங்கப்பா சொல்வாரு." காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்திலும் ஏதாவது இருக்கும் என்பதுபோல. "இதை நீ எழுதாம விட்டிருக்கலாம். எனக்குத் தெரிஞ்சிருக்காது."

அவர் காகிதத்தை மறுபடி மடித்தார்.

"சயாத்துக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என்ன சொன்னான்?"

"எழுத வேண்டாம்னு."

அவர் தலையை ஆட்டினார். கோபமா என்று தெரியவில்லை. "நான் அவன் வயசுல இருந்தா நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்." மூக்கைச் சிந்தினார். "கல்யாணம் இல்லம்மா. அது முடிஞ்சுது. இனிமே என்னை மாமான்னு கூப்பிடாதே."

"சரி."

"சரின்னா? என்னன்னு கூப்பிடுவ?"

போரன்பாய் தம்பி. பெக்செயித் அண்ணன். அண்ணன் வழி வந்தவர் இவர். "பெரியப்பா," என்றேன்.

ரௌஷான் ரொட்டித் தட்டைக் கீழே வைத்தார். நான் ஏதாவது செய்ய வேண்டும்போல இருந்ததால் எழுந்து டீப் பாத்திரத்தின் பக்கம் போனேன். நவம்பரிலிருந்து இந்த வீட்டில் டீ ஊற்றப்போகிறவள் நான் என்று நினைத்துப் பழகியிருந்தது. அவர் என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.

"நீ உக்காரு. பொறந்த வீட்டுக்கு வந்த பொண்ணு டீ ஊத்தறதில்ல. அது மருமக..." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. திரும்பி நின்று ஊற்றினார். கிண்ணம் வழிந்தது.

நான் உட்கார்ந்தேன், விருந்தினருக்கான மேல்வரிசையில். மருமகளாக இருந்தால் அங்கே உட்கார முடியாது.

ஒரஸ்பெக் கால்களை மடக்கி உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டார். இறந்தவர்களுக்காக ஓதுகிற நேரம். "இன்னிக்கு யார் பேருக்கு ஓதறது?" என்று கேட்டார். அவருக்குத் தெரியும். காகிதம் அவர் மடியில்தான் இருந்தது. ரௌஷான் வாயை மூடிக்கொண்டார், அவர் இந்த வீட்டு மருமகள். இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள்.

"போரன்பாய்," என்றேன்.

"கேக்கலம்மா. இன்ஜின் சத்தத்துல காது போனவன் நான். சத்தமாச் சொல்லு."

நான் வகுப்பில்கூடச் சத்தமாகப் பேசியதில்லை. மூச்சை இழுத்துக்கொண்டேன்.

"தொலெகென் மகன் போரன்பாய்."

வெளியே ஸ்பேனர் சத்தம் நின்றது. ஒரஸ்பெக் உடனே ஓத ஆரம்பிக்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். பூட்ஸைத் தட்டுகிற சத்தம் கேட்டது. குழாயில் தண்ணீர் விழுந்தது. அது ரொம்ப நேரம் விழுந்துகொண்டே இருந்தது. பிறகு சயாத் உள்ளே வந்தான். கை சிவந்திருந்தது. என்னைப் பார்க்காமல் என் பக்கத்தில், ஒரு ஆள் இடைவெளி விட்டு, உட்கார்ந்தான். இரண்டு கையையும் விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்தான்.

"ஓதுங்கப்பா," என்றான்.